எல்லை எங்கே? காவல் யார்?

தருமபுரி அகழ்வைப்பகத்திலே நிற்கும் நடுகற்களை ஒருமுறை சென்று பாருங்கள் என்று தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கல்லிலே ஒரு வீரன். கையிலே வில், அல்லது வாள். யார் அவன்? முடிமன்னனா? இல்லை. படைத்தலைவனா? பெரும்பாலும் அதுவுமில்லை. அவன் ஊரான்! நள்ளிரவிலே பகைவர் புகுந்து ஊர் ஆநிரையை ஓட்டிச் சென்றபோது, அரண்மனைக்கு ஆள் அனுப்பி, ஆணை வரட்டும், அணிவகுப்பு வரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மாடு போயிருக்கும், மானமும் போயிருக்கும்! எழுந்தான், தொடர்ந்தான், மீட்டான், மாண்டான். ஊரார் கல் நட்டனர். கல்வெட்டு எழுதினர்.

ஆநிரை கவர்வதை வெட்சி என்றனர் தமிழர். மீட்பதைக் கரந்தை என்றனர். மதிலைக் காப்பதை நொச்சி என்றனர். போருக்கு இலக்கணம் வகுத்த இனம், போரின் தொடக்கத்தை எங்கே வைத்தது? அரசர் இருவர் முரசு கொட்டி மோதும் களத்திலே அல்ல — ஓசையின்றி வந்து, ஒற்றறிந்து, உடைமையைக் கவர்ந்து செல்வதிலே வைத்தது!

இன்று உலகம் அந்த வெட்சிப் போருக்குத்தான் திரும்பியிருக்கிறது. ஒரு வேறுபாடு: ஆநிரை கொட்டிலிலே இல்லை, கணினியிலே இருக்கிறது. மின்சாரம் கணினியிலே, வங்கிக் கணக்கு கணினியிலே, ரேஷன் அட்டை கணினியிலே, மருத்துவமனைச் சீட்டு கணினியிலே. கவர வருபவன் மலை ஏறி வருவதில்லை. கம்பி வழியே வருகிறான். அவன் முகம் தெரிவதில்லை, நாடு தெரிவதில்லை, வந்து போனதே கூடப் பல மாதங்களுக்குத் தெரிவதில்லை.

இந்தப் போருக்கென்றே நாடுகள் தனிப்படை அமைத்துவிட்டன. அமெரிக்கா 2009-ல் சைபர் படைத்தலைமையகம் அமைத்தது. 2018-ல் அதனைப் பிற பெரும் படைத்தலைமைகளுக்கு இணையாக உயர்த்தியது. அதே ஆண்டில் 133 அணிகள் முழு வலிமையோடு நிலைபெற்றன. சீனா 2015-ன் இறுதியிலே ஒரு பெரும்படை அமைத்து, போதாதென்று கண்டு 2024 ஏப்ரலிலே அதனைக் கலைத்து, சைபர் படையைத் தனிப்படையாகவே பிரித்து வைத்தது. ஜெர்மனி 2017-ல் அமைத்தது. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்ற சிங்கப்பூர், தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றுக்கும் அடுத்து நான்காவது படையாக 2022 அக்டோபரிலே கணினிப் படையை நிறுவியது. பரப்பிலே நம் தருமபுரி மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு கூடத் தேறாத நாடு அது!

இந்தியா என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை என்று கூறமாட்டோம். பழி சுமத்துவதற்காகப் பேனா பிடிப்பவர்கள் அல்லர் நாம். 2004-ல் கணினி அவசரநிலை எதிர்கொள்ளும் குழு வந்தது. 2013-ல் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை வந்தது. 2014-ல் இன்றியமையாத தகவல் கட்டமைப்புகளைக் காக்கும் மையம் வந்தது. முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு சைபர் முகமைக்கு 2018-ல் இசைவு கிடைத்து, 2019-ல் கடற்படை அதிகாரி ஒருவர் அதன் முதல் தலைவரானார். 2024 ஜூனிலே சைபர் போருக்கான கூட்டுக் கோட்பாட்டை முப்படைத் தலைமைத் தளபதி வெளியிட்டார். 2025 ஆகஸ்டிலே அதனைப் பொதுமக்களும் படிக்கத் திறந்துவிட்டனர். வரவேற்கிறோம்.

ஆனால், நாம் தகடூர்க்காரர்கள். எங்கள் மண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். நெய் பூசி, மாலை சூட்டி, மின்னிக்கொண்டு நின்றன வேல்கள். ஔவை மலைக்கவில்லை. அவற்றைப் புகழ்வது போலப் புகழ்ந்து, எம் மன்னனின் வேலோ முனை முறிந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கிறது என்று கூறினார். புரிந்தவனுக்குப் புரிந்தது! பழுதுபார்க்கப் போயிருக்கும் வேல், போர் கண்ட வேல். பளபளக்கும் வேல், பார்வைக்கு வைத்த வேல்.

டில்லியிலே முகமை உண்டு, மையம் உண்டு, கோட்பாடு உண்டு, கொள்கை உண்டு. கொட்டில் நிறைந்திருக்கிறது. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இவற்றைக் கையிலேந்தி நிற்கப் போகிறவன் யார்? எங்கே நின்று காக்கப் போகிறான்?

எங்கே நிற்பது என்ற கேள்விக்கு உக்ரைன் நாட்டிலே விடை இருக்கிறது. 2015 டிசம்பர் 23. குளிர்காலத்து மாலை. மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளிலே ஊழியர்கள் அமர்ந்திருக்கிறார்கள். திரையிலே அம்புக்குறி தானே நகர்கிறது! இவர்கள் கை வைக்கவில்லை. யாரோ எங்கோ இருந்து நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு துணைமின் நிலையமாக அணைகிறது. ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருளிலே. நிறுவனத்துக்குப் புகார் கூறத் தொலைபேசியை எடுத்தால், அதுவும் போலி அழைப்புகளால் அடைபட்டிருக்கிறது. பகைவன் அன்று மாலை வந்தவனா? அல்ல. பல மாதங்களுக்கு முன்பே, ஒரு மின்னஞ்சலின் இணைப்புக்குள் ஒளிந்து உள்ளே வந்து, ஒற்றறிந்து கொண்டிருந்தவன்.

சரி, விளக்கு மீண்டும் எரிந்தது எப்படி? தலைநகரிலிருந்து படை வந்ததா? இல்லை! துணைமின் நிலையங்களுக்கு ஊழியர்கள் வண்டியேறிச் சென்று, கையாலே விசையைத் தள்ளி, மின்சாரத்தை மீட்டனர். சில மணி நேரத்திலே ஊர் ஒளி பெற்றது. அதாவது, உலகமே வியந்து பேசிய அந்தக் கணினிப் போரிலே ஊரை மீட்ட கரந்தை வீரன் யார்? நம் ஊர் மொழியிலே சொன்னால் — வயர்மேன்!

உக்ரைன் எங்கோ இருக்கிறது என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் தென்கோடியிலே கூடங்குளம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 4 அன்றே அங்கே நச்சு நிரல் புகுந்த செய்தி அணுமின் கழகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. அக்டோபர் 29 அன்று, தாக்குதலா, அப்படி ஏதும் இல்லை என்று அணுமின் நிலையத்தின் பெயராலே மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, ஆம், நச்சு நிரல் கண்டது உண்மை, நிர்வாகப் பணிக் கணினி ஒன்றிலேதான், உலையை இயக்கும் அமைப்பு தனித்து இருக்கிறது, அதற்கு ஊறு இல்லை என்று கழகமே ஒப்புக்கொண்டது. உலைக்கு ஊறு இல்லை என்பதிலே மகிழ்ச்சி. ஆனால் தனித்து இருப்பது மட்டுமே காவல் ஆகாது. ஈரானின் நத்தான்சு அணுக்கூடமும் வெளியுலகத் தொடர்பின்றித் தனித்துத்தான் இருந்தது. அதற்குள் புகுந்து எந்திரங்களைச் சிதைத்த ‘ஸ்டக்ஸ்நெட்’ நிரல் 2010-ல் அம்பலமானது. கைக்கு அடக்கமான ஒரு பென்டிரைவ் போதும், நிரல் மதில் தாண்டிவிடும்!

இன்னும் அருகே வருவோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல் கலைஞர் அடிக்கல் நாட்ட, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு எழுந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைத் தரும் திட்டம். அது வருமுன் என்ன குடித்தோம்? புளோரைடு கலந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடித்தோம். பிள்ளைகளின் பல்லிலே கறை. பெரியவர்களின் எலும்பிலே வளைவு. அந்தக் கொடுமை தீரத்தானே போராடினோம்! அந்த நீர் மேடேறி வருவது மின்சாரத்தாலே. மின்சாரம் அணைந்தால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் பென்னாகரத்துத் தாய் மீண்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பழைய கிணற்றுக்குத்தான் நடப்பாள்.

இப்போது கேட்கிறோம்: எல்லை எங்கே? லடாக்கின் பனிமலையிலே இருக்கிறது, ராஜஸ்தானின் பாலைவனத்திலே இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் இந்தப் போரிலே தருமபுரியின் துணைமின் நிலையத்திலும் எல்லை இருக்கிறது! ஒகேனக்கல் நீரேற்று நிலையத்திலும் இருக்கிறது! அரசு மருத்துவமனையின் புறநோயாளர் சீட்டுத் தரும் சாளரத்திலும் இருக்கிறது! 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைப் பகைவர் பூட்டியபோது, ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கே கையால் எழுதித்தானே வைத்தியம் நடந்தது! தலைநகரின் தலைசிறந்த மருத்துவமனைக்கே அந்த நிலை.

எல்லை எங்கும் இருக்கிறது என்றால் காவலும் எங்கும் இருக்க வேண்டும். காவல் எங்கும் இருக்க வேண்டும் என்றால் டில்லி ஒன்றே அதைச் செய்ய முடியாது. மாநிலங்களை அருகே அமர்த்திக்கொண்டுதான் செய்ய வேண்டும். இதுவே நாம் கூற வந்தது.

அரசியல் சட்டத்தைப் புரட்டுங்கள். பாதுகாப்பு — மத்தியப் பட்டியல். காவல்துறை — மாநிலப் பட்டியல். தண்ணீர் — மாநிலப் பட்டியல். மின்சாரம் — பொதுப் பட்டியல். பகைவன் இந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டா வருகிறான்? அவன் தாக்குவது மாநிலம் நடத்தும் மின்வாரியத்தை, மாநிலம் நடத்தும் குடிநீர் வாரியத்தை. தடுக்கும் படையோ மத்திய அரசிடம். தாக்கப்படுபவனுக்கும் தடுப்பவனுக்கும் நடுவிலே என்ன பாலம் இருக்கிறது? சுற்றறிக்கை! சுற்றறிக்கையைக் கேடயமாகப் பிடித்துப் போர் வென்றவர் உண்டா?

2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் மூண்ட நாட்களிலே, 15 லட்சம் கணினித் தாக்குதல் முயற்சிகள் நடந்தன, அவற்றுள் 150 மட்டுமே வெற்றி பெற்றன என்று ஓர் அறிக்கை வந்தது. எண்ணிப் பார்த்துச் சொன்னது யார்? முப்படையா? மகாராட்டிர மாநிலத்தின் சைபர் காவல் பிரிவு! ஆக, போர் நடந்தபோது மாநிலம் களத்திலே இருந்தது. களத்திலே இருப்பவனுக்குக் கலந்து பேசும் அவையிலே நிலையான நாற்காலி வேண்டாமா? தமிழ்நாடு மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் வைத்திருக்கிறது. 2020-ல் சைபர் பாதுகாப்புக் கொள்கை வகுத்து, 2024-ல் அதனைப் புதுப்பித்தது. 1997-லேயே தகவல் தொழில்நுட்பக் கொள்கை கண்டு, 2000-ல் டைடல் பூங்காவைத் திறந்த மாநிலம் இது. இதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள டில்லிக்கு ஒன்றுமே இல்லையா?

அடுத்த கேள்வி — காவல் யார்?

கணினிப் படைக்கு மார்பளவு பார்த்து ஆள் எடுப்பதில்லை; மூளையளவு பார்த்து எடுக்க வேண்டும். அந்த மூளை எங்கே இருக்கிறது? பெரும் நகரங்களிலே மட்டுமா? தருமபுரியை அடுத்த செட்டிக்கரையிலே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரூரிலும் பாலக்கோட்டிலும் அரசுப் பள்ளியிலே படித்து, அரசு மடிக்கணினியிலே தானே கற்று, நிரல் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலே, எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தருமபுரி — 68.54 விழுக்காடு. மறைக்கவில்லை, வெட்கத்தோடு கூறுகிறோம். ஆனால் கடைசியிலே நின்ற மாவட்டத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வருகிறானே, அவனுக்கு இருக்கும் பசி, மூன்று தலைமுறை படித்தவனுக்கு இருக்குமா?

அவன் படை அதிகாரியாக விரும்புகிறான். தேசியப் பாதுகாப்புக் கழகத்துக்கான தேர்வு. வினாத்தாளைப் பிரிக்கிறான். ஒரு பக்கம் ஆங்கிலம். மறு பக்கம் இந்தி. ஆக்ராவிலிருந்து வந்தவன் தன் தாய்மொழியிலே கணக்கைப் படிக்கிறான். அரூரிலிருந்து வந்தவன் அயல்மொழியிலே படிக்கிறான். கணக்கு ஒன்று, காலம் ஒன்று, களம் மட்டும் மேடு பள்ளம்! பட்டதாரிகளுக்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்விலும் இதே நிலைதான்.

நல்லவர் சிலர் கேட்பர்: “படை என்றால் ஒரே கட்டளை வேண்டாமா? ஆளுக்கொரு மொழியிலே கட்டளையிட முடியுமா?” கட்டளை ஒன்றாக இருக்கட்டும்; வாசல் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? உள்ளே நுழைந்தபின் எதைக் கற்கச் சொன்னாலும் கற்பான் வீரன். நுழையுமுன்பே தாழ்ப்பாள் போடுவது, திறமையைத் தேடுவதாகாது. “கணினியே ஆங்கிலத்தில்தானே இயங்குகிறது?” என்பர் வேறு சிலர். ஆங்கிலத்தை நாம் எப்போது வேண்டாம் என்றோம்? 1968-ல் அண்ணா வகுத்த இருமொழிக் கொள்கையிலே ஒன்று தமிழ், மற்றொன்று ஆங்கிலமாயிற்றே! ஆங்கிலம் தெரிகிறதா என்று தனித்தாளிலே சோதியுங்கள். கணக்கையும் அறிவியலையும் சோதிக்கும் தாளிலே, இந்திக்காரனுக்கு உள்ள தாய்மொழி உரிமை தமிழனுக்கும் இருக்கட்டும், வங்காளிக்கும் இருக்கட்டும், தெலுங்கனுக்கும் இருக்கட்டும் என்கிறோம்.

முடியாத காரியமா? மத்திய ஆயுதக் காவற்படைகளின் காவலர் தேர்வுக்கும் முன்பு ஆங்கிலமும் இந்தியும்தான் என்றனர். 2023 ஏப்ரலிலே தமிழ்நாட்டு முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் மத்திய உள்துறைக்குக் கடிதம் எழுதினார். அதே மாதத்திலே, தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் தேர்வு நடக்கும் என்ற அறிவிப்பு வந்தது. 2024 முதல் நடைமுறையும் ஆனது. வானம் இடிந்து விழவில்லை! காவலனுக்குத் தமிழ் ஆகும், அதிகாரிக்கு ஆகாது என்பது என்ன நீதி? தமிழன் நிற்கலாம், நடத்தக்கூடாது என்பதுதானே அதன் பொருள்?

இன்னொன்று. 2022-ல் அக்னிபத் திட்டம் அறிவித்தார்கள். நான்கு ஆண்டு பணி. முடிந்ததும் நூற்றுக்கு 25 பேருக்கு மிகாமல் நிலைபெறுவர். மற்றவர் வீடு திரும்புவர் என்பது அப்போது வகுத்த விதி. துப்பாக்கிக்கே அது ஏற்றதா என்று முன்னாள் தளபதிகள் சிலர் கேட்டார்கள். கணினிக்கு ஏற்காது என்று உறுதியாகக் கூறுகிறோம். ஒரு வலையமைப்பைப் புரிந்துகொள்ளவே ஆண்டுகள் ஆகும். பகைவனின் நடையைக் கண்டு, இன்னான் கைவரிசை என்று அறிய இன்னும் ஆண்டுகள் ஆகும். அறிந்தவனை அறிந்த நேரத்திலே அனுப்பிவிட்டால், அந்த அறிவுக்கு விலை கொடுக்கத் தனியார் நிறுவனம் காத்திருக்கும். அதைவிடப் பெரிய விலையோடு வேறு எவனும் காத்திருப்பான்! கணினிப் படையாளனுக்கு நீண்ட பணி வேண்டும்; படிப்படியான உயர்வு வேண்டும்.

படையிலே சேராதவனுக்கும் வேலை உண்டு. எஸ்டோனியா என்றொரு சிறு நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சம். தருமபுரி மாவட்டத்துக்கு 2011-லேயே 15 லட்சம்! 2007-ல் அந்நாட்டின் வங்கிகளையும் ஏடுகளையும் அரசு அலுவலகங்களையும் கணினித் தாக்குதல் திணறடித்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? 2018-ல் படையிலே சைபர் தலைமையகம் அமைத்தார்கள். அதற்கு முன்பே, பொதுமக்களின் காப்புப் படையிலே தொண்டர் அணி ஒன்றையும் கட்டினார்கள். வங்கியிலே வேலை பார்ப்பவர், நிறுவனத்திலே நிரல் எழுதுபவர் — பகலிலே பணி, ஓய்விலே பயிற்சி, நெருக்கடி வந்தால் நாட்டுக்குக் காவல். தம் தாய்மொழியிலே! தருமபுரியைவிடச் சிறிய மக்கள்தொகை செய்த காரியத்தை, ஏழு கோடித் தமிழர் செய்ய முடியாதா? மின்வாரியப் பொறியாளரும் வயர்மேனும், கல்லூரி ஆசிரியரும் மாணவரும், ஓய்வுபெற்று ஊர் திரும்பிய படைவீரரும் அடங்கிய தொண்டர் அணியை மாவட்டந்தோறும் கட்டலாமே! திரை இருண்டால் எந்த விசையைக் கையால் தள்ளுவது என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்கலாமே! மத்திய அரசு பயிற்சி தரட்டும். மாநில அரசு நடத்தட்டும்.

இவற்றைக் கேட்டால், “பார்த்தீர்களா, பாதுகாப்பிலும் மாநில உரிமை பேசுகிறார்கள், பிரிவினை வாடை!” என்று மூக்கைப் பொத்துவோர் உண்டு. அவர்களுக்கு வரலாறு தெரியாது. 1962-ல் சீனப்படை எல்லை தாண்டியபோது, நாடு முதலில், நம் கோரிக்கை பிறகு என்று ஒதுக்கிவைத்து, அரசுக்குத் தோள்கொடுத்தவர் அண்ணா. 1963-ல் கழகம் பிரிவினைக் கோரிக்கையையே கைவிட்டது. 1971 போரிலும் 1999 கார்கில் போரிலும் நிதி திரட்டித் தந்தவர் கலைஞர். நாட்டைக் காக்கும் ஆசையிலே நாம் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். காக்கும் உரிமையிலே எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். பங்கு கேட்பவன் பிரிய நினைப்பவன் அல்லன். சேர்ந்திருக்க நினைப்பவன்தான் பங்கு கேட்பான்!

டில்லியிடம் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கலாமா? கூடாது. கடவுச்சொல்லை மேசைக் கண்ணாடிக்கு அடியிலே எழுதி வைக்கும் அலுவலர் நம்மவரிலே இல்லையா? வழியிலே கிடைத்த பென்டிரைவை அலுவலகக் கணினியிலே செருகிப் பார்ப்பவர் இல்லையா? யாரென்று தெரியாதவன் அனுப்பிய இணைப்பைத் திறப்பவர் இல்லையா? உக்ரைனிலே பகைவனுக்குக் கதவு திறந்தது ஒரு மின்னஞ்சல்தான் என்பதை மறக்க வேண்டாம். கோட்டையின் திட்டிவாசலைத் திறந்து வைத்துவிட்டு, கொத்தளத்திலே பீரங்கி இல்லையே என்று புலம்புவது பேதைமை. படிப்பகந்தோறும், பள்ளிதோறும் இதனை எடுத்துச் சொல்வது கழகத் தோழர்களின் கடமை.

ஆட்சியாளர்களுக்கு நம் கோரிக்கை நான்கு. சைபர் படையின் அமைப்பிலே மாநிலங்களுக்கு நிலையான இடம் கொடுங்கள். மாவட்டந்தோறும் தொண்டர் அணிக்கு வழி செய்யுங்கள். படை அதிகாரித் தேர்வுகளைத் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் நடத்துங்கள். கணினிப் படையாளனை நான்கு ஆண்டுக் கூலியாக்காதீர்கள்.

தகடூர் மண்ணிலே கல்லாகி நிற்கும் அந்த ஊரானை நினைத்துப் பார்க்கிறோம். அவனிடம் யாரும் எந்த மொழியிலும் தேர்வு வைக்கவில்லை. ஊர் அவனுடையது, ஆகவே காவலும் அவனுடையது என்று எழுந்தான். அவன் பேரப்பிள்ளைகள் இன்றும் எழத் தயாராகத்தான் இருக்கிறார்கள். தாழ்ப்பாளை எடுங்கள்!